கடலில்லாச் சீமையில் ஒரு கடற்கரைப் பயணம்

நெய்தல் திணையை நடத்திக்கொண்டிருந்தேன். உப்பங்கழி, புன்னை, தாழை, பரதவர், எற்பாடு என்று கரும்பலகை நிரம்பிவிட்ட வேளையில் கடைசி வரிசை மாணவர் ஒருவர் எழுந்தார். "ஐயா, பெரம்பலூருக்கும் கடல் இல்லை, அரியலூருக்கும் கடல் இல்லை. எங்களுள் பலர் கடலைக் கண்ணால் கண்டதே இல்லை. நாங்கள் எதைக் கொண்டு நெய்தலை உணர்வது?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக்கிய இராசேந்திரன் கடல் கடந்து கடாரம் வென்ற செய்தியைச் சொல்லி, மணி அடிக்கும்வரை சமாளித்தேன். அது அவர் வினாவுக்கு விடையன்று என்பது எனக்கே தெரியும். அன்றிரவு என் வீட்டுப் புத்தக அலமாரியின் மேல்தட்டில் இருந்த ஒரு கல்லின்மேல் என் பார்வை சென்று நின்றது.

அக்கல் உள்ளங்கை அளவினது. ஆட்டுக்கடாவின் கொம்பு போலச் சுருண்டு, சுருள்தோறும் வரிவரியாக மேடும் பள்ளமும் கொண்டது. என் சிறுவயதில் அத்தா அதைக் கொண்டுவந்தார்கள். "நத்தைக் கல்" என்பதற்கு மேல் அதைப் பற்றி அவர்கள் எதுவும் சொன்னதில்லை.

அத்தா சைக்கிளில் துணி விற்றவர்கள். கைலி, துண்டு, சேலை, பாவாடைத் துணி ஆகியவற்றை மூட்டையாகக் கட்டிக் கேரியரில் ஏற்றிக்கொண்டு, பெரம்பலூருக்குத் தெற்கேயும் கிழக்கேயும் உள்ள சிற்றூர்களுக்குச் செல்வார்கள். துணியைக் கொடுத்துவிட்டு, வாரந்தோறும் ஐந்தும் பத்துமாகத் தவணை வாங்கி வருவார்கள். அவ்வூர்களில் அவர்களுக்குத் 'துணிக்கார பாய்' என்றே பெயர். முழங்கால் வலி முற்றியபின் அத்தொழிலை விட்டு ஊரிலேயே சிறுகடை வைத்து அமர்ந்துவிட்டார்கள்.

அவர்கள் மறைந்தபோது, நம் வழக்கப்படி ஜனாஸாத் தொழுகைக்கு முன் சபையோரை நோக்கி, "அத்தாவிடம் யாருக்கேனும் வரவேண்டியது இருந்தால் என்னிடம் கேளுங்கள், நான் பொறுப்பு" என்று அறிவித்தேன். ஒருவரும் வரவில்லை. சில மாதங்கள் கழித்துத் தகரப் பெட்டியை ஒழித்தபோது பழைய கணக்குப் புத்தகம் ஒன்று கிடைத்தது. அதன் கடைசிப் பக்கங்களுள் ஒன்றில், காரைக்கு அப்பாலுள்ள ஒரு சிற்றூரின் பெயரின்கீழ் இப்படி இருந்தது: 'கிணற்றடி வீட்டம்மா. பாக்கி ரூ. 18. கிணறு வெட்டும்போது எடுத்த கல் ஈடு.' அதற்கடுத்த வரி: 'ரூ. 18 வரவு. கல் வீட்டில் உள்ளது. அடுத்த நடைக்குக் கொடுக்க.' அந்த அடுத்த நடை வரவேயில்லை. அத்துடன் அவர்களுடைய சுற்று நின்றுபோயிருந்தது.

ஆக, என் அலமாரியிலிருந்தது எங்கள் பொருளன்று, பிறருடைய அமானிதம். இதை அறிந்தபின்னும் இன்று, நாளை என்று நான் காலம் கடத்தினேன். 'ஒரு கல்தானே' என்ற எண்ணம் எனக்குள் இருந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். அம்மாணவரின் வினாவுக்குப் பிறகுதான் அது என்ன கல் என்று படித்துப் பார்த்தேன். அது நத்தையன்று, அம்மோனைட் எனப்படும் கடலுயிரின் கூடு. கணவாய்க்கும் ஆக்டோபசுக்கும் உறவான அவ்வினம் ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியிலிருந்தே அற்றுப்போயிற்று. பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன்னர், கிரேட்டேசியக் காலத்தில், இன்றைய பெரம்பலூர் எல்லைவரை கடல் ஏறி வந்திருந்தது என்பதற்கு இத்தகைய கூடுகளே சாட்சி. நண்பர் ஒருவர், "அரியலூரை அடுத்த வாரணவாசியில் அரசின் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறதே, அங்கே ஒப்படையுங்கள்" என்றார். அறிவுலக நோக்கில் அது சரியான யோசனை. ஆனால் பிறர் பொருளை நான் எப்படிக் கொடையாக வழங்குவது? உரியவரைத் தேடுவதே முதற்கடமை என்று முடிவு செய்தேன்.

சித்திரை மாதத்து ஞாயிறு ஒன்றில், சுபுஹுத் தொழுகையை முடித்துக்கொண்டு அத்தாவின் சைக்கிளிலேயே தனியாகப் புறப்பட்டேன். சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று இலக்கணம் கூறும். எங்கள் சீமையில் காலை ஒன்பது மணிக்கு மேல் அதில் இளமை எதுவும் இராது. "இந்த வயதில் இந்த வெயிலிலா?" என்று என் துணைவியார் தடுத்தும் பார்த்தார். பேருந்தில் போயிருக்கலாம். ஆனால் கணக்குப் புத்தகத்தில் ஊர்கள் வரிசையாக இருந்தன. அவ்வரிசையே அத்தா மிதித்த வழி. அதை ஒருமுறை நானும் மிதித்துப் பார்க்க விரும்பினேன்.

சிறுவாச்சூரையும் ஆலத்தூரையும் கடந்து கிழக்கே திரும்பும்வரை நிலத்தில் புதுமை எதுவும் தெரியவில்லை. வழியெல்லாம் கெட்டியான பழம்பாறை. பின்புறம் தொலைவில் பச்சைமலை. காரையை நெருங்கியதும் நிலம் வேறாயிற்று. பாறை மறைந்து, வெளிறிய மஞ்சள் நிறக் களிமண் மேடுகள் தொடங்கின. மழைநீர் அறுத்த ஓடைகள் அவற்றைக் கூறுகூறாகப் பிளந்திருந்தன. புல்பூண்டு மிகக் குறைவு. மண்ணிடையே ஜிப்சம் கண்ணாடித் துண்டுகளைப் போல வெயிலில் மின்னிற்று. அந்தப் பழம்பாறைதான் அன்றைய கரை. இந்தக் களிமண் அன்றைய கடலின் அடிச்சேறு. சைக்கிளை நிறுத்திவிட்டு இரண்டும் கூடும் எல்லையில் நின்றேன். இன்றைய கடல் அங்கிருந்து கிழக்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ளது. ஆயினும் நான் நின்ற இடம் கடற்கரை என்பதில் ஐயமில்லை. அலைதான் இல்லை.

இம்மண்ணின் செல்வத்தை உலகம் முன்பே அறிந்திருந்தது. 1846இல் எட்வர்டு ஃபோர்ப்ஸ் தென்னிந்தியப் புதைபடிவங்களை விவரித்து எழுதினார். பின்னர் பிளான்ஃபோர்டு இப்பாறைகளை அளந்து வரைபடமிட்டார். ஃபெர்டினாண்டு ஸ்டோலிக்சுகா இக்கடலுயிர்களைப் பெருந்தொகுதிகளாக விவரித்துவிட்டு, 1874இல் தம் 36ஆம் வயதில் லடாக் மலைவழியில் உயிர்நீத்தார். ஐரோப்பாவிலிருந்து வந்தோர் வாழ்நாளைச் செலவிட்டுப் படித்த ஏட்டின்மேல் நாம் நாள்தோறும் நடந்துபோகிறோம். 2020இல் குன்னத்தில் குளம் தோண்டியபோது உருண்டைக் கற்கள் வெளிப்பட, அவை டைனோசர் முட்டைகள் என்று செய்தி பரவியது. அவை அம்மோனைட்டுகளைச் சுற்றி மண் திரண்டு உருவானவை என்று புவியியலார் விளக்கினர். அறியாமல் விட்டதும் நாமே. அறியாமல் வியந்ததும் நாமே.

களிமண் மேடுகளைக் கடந்ததும் பின்சக்கரத்தில் வேலிக்காத்தான் முள் ஏறிவிட்டது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே அச்சிற்றூரை அடைந்தேன். தேநீர்க் கடையில் கிணற்றடி வீட்டை விசாரித்தேன். அந்த அம்மையார் காலமாகிப் பல ஆண்டுகள் ஆயின. அவருடைய மகள் அதே வீட்டில் இருந்தார், அறுபதை நெருங்கியவர். "துணிக்கார பாய் மகன்" என்றதும் என்னை உற்றுப் பார்த்தார். "வாங்க தம்பி, பாய் நல்லா இருக்காரா?" என்றார். அத்தா மறைந்ததைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

பையிலிருந்த கல்லை எடுத்து அவர் கையில் வைத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது அம்மா உறி மோர்ப்பானை மூடிமேல் பாரம் வைக்கிற கல்லு தம்பி. பாய் வராம நின்னுட்ட பிறகு வீட்டில ஒருத்தர், 'கல்லு போனது போனதுதான்' என்று சொன்னாங்க. அம்மா ஒத்துக்கவே இல்லை. 'பாய் மறக்கிற ஆளில்லை. அவரால முடியலைன்னா பிள்ளைகிட்டயாவது குடுத்தனுப்புவாரு' என்று சாகிற வரைக்கும் சொன்னுச்சு" என்றார்.

எனக்குப் பேச்சு எழவில்லை. கணக்கில் இருந்ததைப் படித்தபின்னும் காலம் கடத்திய பிள்ளை நான். என் மீது அந்த அம்மையார் கொண்டிருந்த நம்பிக்கை எனக்கு அதுவரை தெரியாது. "தாமதத்திற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள், அக்கா" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லத் தெரியவில்லை.

எட்டாம் வகுப்புப் படிக்கும் அவருடைய பேத்தி கல்லை வாங்கிப் பார்த்து, "ஆத்தா, இது அம்மோனைட். எங்க டீச்சர் படத்துல காட்டியிருக்காங்க" என்றாள். பிறகு, "பள்ளிக்கூடத்துல வைக்கலாமா?" என்று கேட்டாள். பாட்டி தலையசைத்தார். ஒரு தாளைக் கிழித்து, ஊர்ப்பெயரையும் அது கிடைத்த கிணற்றையும் எழுதிக் கொடுத்தேன். எங்கே கிடைத்தது என்னும் குறிப்பில்லாத புதைபடிவம் முகவரி இல்லாத மடல் போன்றது. அதனைக் கொண்டு எதையும் உறுதியாகச் சொல்ல இயலாது. அத்தா எழுதிய 'கிணறு வெட்டும்போது எடுத்த கல்' என்ற சொற்கள், அவர்கள் அறியாமலே, அக்கல்லுக்கு அந்த முகவரியைக் காத்து வைத்திருந்தன. பஞ்சர் ஒட்டிய பையன் காசு வாங்க மறுத்தான். 'பாய் வீட்டு ஆள்' என்று கடையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். வற்புறுத்திக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டேன்.

கொளக்காநத்தம் வழியாகச் சாத்தனூர் கல்மரத்தை அடைந்தபோது வெயில் ஏறிவிட்டது. 1940இல் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்து உலகுக்குச் சொன்ன மரம் இது. நீளம் 18 மீட்டர். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை இதற்கு ஏறத்தாழ 12 கோடி ஆண்டு வயது கூறித் தேசியப் புவியியல் சின்னமாகக் காத்துவருகிறது. கரையில் நின்ற மரம் நீரில் அடித்துவரப்பட்டுக் கடற்சேற்றில் புதைந்து, நாரெல்லாம் கல்லாகிக் கிடக்கிறது. வேலிக்குப் புறத்தே நிழலில் அமர்ந்து, கொண்டுபோன ரொட்டியை உண்டேன்.

அங்கிருந்து அரியலூர் வரை சுண்ணாம்புக் கல் சுமந்த லாரிகள் உடன் வந்தன. கிழக்கே செல்லச் செல்லப் பாறையின் வயது குறைந்துகொண்டே வருகிறது. அரியலூரைச் சூழ்ந்த சுரங்கங்களில் சிப்பிகள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. அவைதாம் சிமெண்ட்டாகி நம் வீடுகளாகவும் பள்ளிவாசல்களாகவும் கல்லூரிகளாகவும் நிற்கின்றன. தோண்டுவதால்தான் பல படிவங்கள் வெளிப்படுகின்றன. தோண்டுவதால்தான் பல அழிந்தும் போகின்றன. பலருக்குச் சோறிடும் தொழிலைப் பழிப்பது என் நோக்கமன்று. ஆனால் ஓர் இழப்பைச் சொல்லாதிருக்க இயலாது. அரியலூர்ப் பகுதியைச் சேர்ந்த கல்லமேட்டில் கிடைத்த மிகப்பெரிய டைனோசர் எலும்புகளைப் பற்றி 1987இல் ஆய்வுரை வெளிவந்தது. அவ்வெலும்புகள் இன்று இல்லை, சிதைந்துபோயின. ஏட்டில் குறிப்பு இருக்கிறது, பொருள் இல்லை. என் வீட்டிலோ குறிப்பும் இருந்தது, பொருளும் இருந்தது. மிதித்துச் சென்று சேர்க்க ஆள்தான் இல்லாதிருந்தது.

அரியலூர்ப் பள்ளிவாசலில் லுஹர் தொழுதுவிட்டு, மாலையில் சைக்கிளைப் பேருந்தின் மேல் ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பினேன்.

மறுநாள் வகுப்பில் அம்மாணவரை எழுப்பி, "நமக்குக் கடல் இருந்தது, அதன் கரையில்தான் நேற்று சைக்கிள் ஓட்டினேன்" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். நெய்தலுக்கு இரங்கல் உரிப்பொருள். திரும்பி வராத ஒருவரைப் பழிக்காமல் ஒரு கரையில் காத்திருந்த உள்ளத்தை அவ்வூரில் கண்டேன். அந்த இரங்கலை உணரக் கடல்நீர் வேண்டியதில்லை என்றேன். இம்முறை வகுப்பு சிரிக்கவில்லை.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு வேண்டுகோள். பூமியில் பயணம் செய்து படைப்பைச் சிந்திக்குமாறு இறைமறை நம்மை அழைக்கிறது. விடுமுறையில் காரைக்கும் சாத்தனூருக்கும் வாரணவாசிக்கும் சென்று வாருங்கள். கல்லைக் கண்டால் எடுத்துவராதீர்கள். கண்ட இடத்தைக் குறித்துவைத்து, அறிந்தவரிடம் சொல்லுங்கள். நமக்குப் பின் வருவோர்க்கு உரிய அமானிதம் அது.

அன்றிரவு அத்தாவின் கணக்குப் புத்தகத்தைத் திறந்து, அவர்களுடைய கடைசி வரியின்கீழ் நாளிட்டு எழுதினேன்: 'கல் கொடுத்தாயிற்று.'