நன்னீரை நம்பினோம்

சிம்கோ ஏரி நன்னீர் ஏரி. அதனை நம்பியே நாங்கள் ஏமாந்தோம்.

மன்னார்க் கரையில் வளர்ந்த சகோதரர் இருவர் நாங்கள். கடலிலிருந்து திரும்பியதும், தாம் குளிக்குமுன் படகு இயந்திரத்தை நல்ல தண்ணீரால் கழுவுவது தந்தையாரின் வழக்கம். உப்பே இரும்பின் பகை என்று அவரிடம் கற்றோம். ஆகவே, ரொறன்ரோவில் குடியேறிப் பதினாறடிப் படகொன்றும் அதை இழுத்துச் செல்ல ட்ரெயிலரும் வாங்கியபோது, உப்பில்லாத ஏரியால் சில்லுகளுக்கு என்ன கேடு வந்துவிடும் என்று எண்ணினோம். மூன்று கோடைகள் அவற்றைக் கழற்றிப் பார்க்கவேயில்லை.

நான்காம் கோடையில் ஒரு ஞாயிறு மாலை, 400ஆம் நெடுஞ்சாலையில் வீடு திரும்புகையில், எங்கள் வீட்டு மூத்த பெண் பின்னிருக்கையிலிருந்து, "புகை வருது" என்றாள். ஓரங்கட்டுமுன்னரே ட்ரெயிலரின் வலப்பக்கச் சில்லு கழன்று, எங்களையும் முந்தி ஓடிப் புல்வெளியில் விழுந்தது. அவ்விடத்தில் எவரும் நிற்கவில்லை. நின்றிருந்தால் என்ற நினைவு இன்றும் சில இரவுகளில் எங்களை எழுப்பிவிடுகிறது. செய்தியைத் தொலைபேசியில் கேட்ட தந்தையார், "கழுவத்தானே நல்ல தண்ணி எண்டு சொன்னனான், ஊறப்போடவோ?" என்றார்.

கேடு விளைந்த விதத்தைப் பின்னரே விளங்கிக்கொண்டோம். நீண்ட ஓட்டத்தில் சில்லின் குடம் சூடேற, உள்ளிருக்கும் காற்று விரிகிறது. அச்சூட்டோடு ட்ரெயிலரைக் குளிர்ந்த நீருக்குள் பின்தள்ளினால், காற்று சட்டென்று சுருங்கி, சீலின் உதட்டு வழியே நீரை உள்ளிழுக்கிறது. உப்புநீர் விரைந்து கெடுக்கும். நன்னீர் சற்றுப் பொறுமையாகக் கெடுக்கும். கிறீஸ் மோர்போல் வெளுக்கும். உருளைகளில் துரு குழிபறிக்கும். பின்னர் உராய்வின் சூடு மிகுதியை முடித்துவிடும். சில டொலர் பெறுமதியான ரப்பர் வளையம்! அதனை மாற்றாமல் விட்டதற்குச் சோம்பலன்றி வேறு காரணம் எங்களிடம் இல்லை.

இப்போது ஆண்டுதோறும் இலையுதிர் காலத்திலேயே குடங்களைக் கழற்றுகிறோம். வசந்தம்வரை விட்டுவைத்தால், உள்ளே தங்கிய நீர் பனிக்காலம் முழுவதும் துருவை வளர்க்கும். பேரிங்குகளை மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்தி, உருளை உருளையாக வெளிச்சத்தில் பார்க்கிறோம். குழியோ நீலம் பாய்ந்த நிறமோ தெரிந்தால், பேரிங்கோடு அது பொருந்தி ஓடும் வெளிவளையத்தையும் சேர்த்தே மாற்றுகிறோம். கிறீஸை உள்ளங்கையில் வைத்து, உருளைகளுக்கிடையே பிதுங்கி வரும்வரை அழுத்துவது எங்களுள் இளையவரின் வேலை. கழற்றிய சீலை மீண்டும் போடுவதில்லை. புதிய சீலும் பயன் தராது, அதன் உதடு தொடும் அச்சில் நகத்துக்குத் தட்டுப்படும் பள்ளம் இருந்தால். இறுதியில் சில்லைச் சுழற்றியவாறே சுரையை இறுக்கி, மறுபடி தளர்த்தி, விரலால் மட்டும் முடுக்கிப் புதிய ஊசியால் பூட்டுகிறோம். இறுக்கமே பாதுகாப்பு என்பாருக்கு இது விந்தையாகத் தோன்றும். சூடேறுகையில் இரும்பு விரிய இடம் வேண்டுமல்லவா?

கரையை அடைந்ததும் படகை உடனே இறக்குவதில்லை. கொண்டுபோன தேநீர் தீரும்வரை காத்திருக்கிறோம். அன்று புகையைக் கண்ட பெண்ணே குடங்களில் கைவைத்துப் பார்த்து, ஆறிவிட்டது என்று சொல்ல வேண்டும். சென்ற யூலையில் இரண்டாம் முறை தேநீர் ஊற்றிய பின்னும், வலப்பக்கத்தது ஆறவில்லை என்றாள். அவ்விடத்திலேயே ட்ரெயிலரை உயர்த்திக் கழற்றினோம். சீலின் உதடு ஓரிடத்தில் கிழிந்திருந்தது. கிறீஸ் வெளுக்கத் தொடங்கியிருந்தது.