பாடாதிருக்கும் உரிமை

என் பாட்டி ஒப்பாரி பாடுவதில் பெயர் பெற்றவர். சாவு வீட்டில் அவர் குரலெடுத்தால் ஊரே கலங்கும். ஆனால், அதே பாட்டைத் திண்ணையில் அமர்ந்து பாடச் சொன்னால் மறுத்துவிடுவார். "இழவு விழாத வீட்டில் ஒப்பாரி வைக்கலாமா?" என்பார். கல்லூரி நாள்களில் அவர் பாடல்களை ஒலிநாடாவில் பதிவுசெய்தேன். தாலாட்டு பாடினார், நடவுப்பாட்டு பாடினார். எவ்வளவோ கெஞ்சியும் ஒப்பாரியை மட்டும் தரவில்லை.

அவர் மறைந்து ஆண்டுகள் பலவாயின. அண்மையில் என் தம்பி மகன் அந்த ஒலிநாடாவைக் கேட்டு வந்தான். "பெரியப்பா, இந்தக் குரலைக் கணினிக்குப் பழக்கிவிட்டால் போதும், கொள்ளுப்பாட்டி எந்தப் பாட்டையும் பாடுவார், ஒப்பாரியைக்கூட!" என்றான். நான் திகைத்துப் போனேன்.

அவன் சொன்னது நடவாத செயலன்று. 2024-இல் வெளிவந்த 'லால் சலாம்' திரைப்படத்தின் பாடலொன்றில், மறைந்த பாடகர்கள் சாகுல் ஹமீது, பம்பா பாக்யா ஆகியோரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவின் துணையால் ஒலிக்கச் செய்தார் ஏ.ஆர்.ரகுமான். குடும்பத்தாரின் இசைவைப் பெற்று, உரிய ஊதியமும் வழங்கியதாக அவர் அறிவித்தார். அது நல்ல முன்மாதிரி. ஆயினும், ஒருவரின் நற்பண்பு எல்லாருக்கும் சட்டமாகிவிடாது.

சட்டமோ கலைஞரைத் தேடி மெல்லத்தான் வருகிறது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் பாடலை எழுதியவரையும் இசையமைத்தவரையும் கருதியது, பாடியவரைக் கருதவில்லை. 1994-ஆம் ஆண்டுத் திருத்தமே நிகழ்த்துகலைஞருக்கு உரிமை தந்தது. இடையில் கழிந்தவை 37 ஆண்டுகள்! அவ்வுரிமையும் அவர் பாடிய பாட்டுக்கே காவலாகிறது. இயந்திரமோ குரலின் இயல்பைக் கற்றுக்கொண்டு, அவர் பாடாத பாட்டைப் பாடுகிறது.

2024-இல் பாடகர் அரிஜித் சிங், தம் குரலைப் போலி செய்வதற்கு எதிராகப் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை பெற்றார். அதே ஆண்டில் அமெரிக்காவின் டென்னசி மாநிலம் குரலுக்கும் சட்டப் பாதுகாப்பு அளித்தது. புகழ்பெற்றவர் வழக்குத் தொடுக்க இயலும். வயல்வரப்பில் பாடியவருக்கு வழக்காட வசதி ஏது? அவர்களுக்காகவேனும் நம் நாட்டில் தெளிவான சட்டம் வேண்டும். முன் இசைவு, உரிய ஊதியம், 'இஃது இயந்திரக் குரல்' என்னும் வெளிப்படையான அறிவிப்பு ஆகிய மூன்றையும் அது கட்டாயமாக்க வேண்டும். கலைஞர் வாழ்ந்த காலத்தில் மறுத்ததை, அவர் மறைந்தபின் வாரிசுகள் விற்கவும் அது இடந்தரலாகாது.

ஒலிநாடாவைத் தம்பி மகனிடம் கொடுத்தேன், கேட்பதற்கு மட்டும். இருவரும் சேர்ந்து தாலாட்டைக் கேட்டோம். பாட்டு முடிந்ததும், "ஒப்பாரி ஏன் இல்லை?" என்று கேட்டான். பாட்டி சொன்ன காரணத்தைச் சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்தவன், ஒலிநாடாவை உறையிலிட்டு என்னிடமே திருப்பித் தந்தான்.