ஆயாவின் நிறம்

எங்க மணலூர்பேட்டையில் தை 5 என்றால் ஆற்றுத் திருவிழா. திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையாரே தென்பெண்ணைக்குத் தீர்த்தவாரிக்கு வருவார். அப்படி ஒரு திருவிழாவில், ஆற்று மணலில் கையில் கரும்போடு ஆயா நின்றதை மாமா பையன் தன் கேமராவில் எடுத்தான். ஆயா வாய்விட்டுச் சிரித்த போட்டோ அது ஒன்றுதான்.

ஆயா போன பிறகு, காரியத்துக்கு அந்தப் படத்தைத்தான் பெரிதாகப் போடக் கொடுத்தோம். பிரேம் போட்டு வந்ததைப் பார்த்த அம்மா, மாலையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். "இது யாருடா?" என்றார். படத்தில் இருந்தது கோதுமை நிறத்தில் யாரோ ஒரு பாட்டி. எங்க ஆயா நல்ல கறுப்பு. காலமெல்லாம் வெயிலில் களை எடுத்த உடம்பு.

ஸ்டுடியோவில் கேட்டேன். "படம் டல்லா இருந்துச்சு தம்பி, கொஞ்சம் கலர் ஏத்திவிட்டேன்" என்றார். எனக்குச் சரியான கோபம். ஆனால் ஃபைலை நோண்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, பாதித் தப்பு எங்களுடையது.

கம்ப்யூட்டருக்கு நிறம் தெரியாது, எண்தான் தெரியும். சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை ஒரு எண். அந்த எண் எந்த நிறத்தைக் குறிக்கிறது என்று சொல்வதுதான் கலர் புரொஃபைல். எச்.பி.யும் மைக்ரோசாஃப்டும் 1996-ல் கொண்டுவந்தது எஸ்.ஆர்.ஜி.பி. 1998-ல் வந்த அடோபி ஆர்.ஜி.பி. அதைவிட அகலமானது, குறிப்பாகப் பச்சைப் பக்கம். அகலமான அளவுகோலில் எழுதிய எண்ணைக் குறுகிய அளவுகோலில் படித்தால் நிறம் வெளுத்துச் சோர்ந்து தெரியும். மாமா பையன் கேமராவில் இருந்தது அடோபி ஆர்.ஜி.பி. ஸ்டுடியோ கம்ப்யூட்டர் அதை எஸ்.ஆர்.ஜி.பி. என்றே படித்திருக்கிறது. டல்லாகத் தெரிந்ததற்கு அதுதான் காரணம்.

மீதிப் பாதி? டல் என்றதும் முகத்தை வெளுப்பாக்கத் தோன்றுகிறதே, அது புரொஃபைல் தப்பு இல்லை. கோடாக் நிறுவனம் ஒரு காலத்தில் லேப்களுக்கு 'ஷெர்லி' கார்டு என்று ஒன்று அனுப்பியது. அதில் இருக்கும் வெள்ளைக்காரப் பெண்ணின் தோலை வைத்துத்தான் பிரிண்டின் நிறத்தைச் சரிபார்த்தார்கள். அந்தப் பழக்கம் நம்ம ஊர் வரைக்கும் இருக்கிறது.

வீட்டில் போட்டோஷாப்பில் 'கன்வர்ட் டு புரொஃபைல்' போய் எஸ்.ஆர்.ஜி.பி.க்கு மாற்றினேன். ('அசைன் புரொஃபைல்' கொடுத்துவிடாதீர்கள். அது எண்ணை மாற்றாமல் பெயரை மட்டும் மாற்றும், பழைய கதைதான்.) கேமராவிலிருந்து வந்த ஃபைலின் பெயர் அடிக்கோட்டில் ஆரம்பித்தால், பெரும்பாலும் அது அடோபி ஆர்.ஜி.பி.தான், உஷார்.

அதே ஸ்டுடியோவுக்குப் போய், "எதையும் ஏத்தாதீங்க அண்ணே, அப்படியே போடுங்க" என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போட்டுக் கொடுத்தார்.

அம்மா படத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மாலையைப் போட்டார்.