இருபது வாட் போதும்

ஜூன் 8, ஞாயிறு

பெரியப்பா வீட்டுப் பரணில் கிடந்த ஆம்ப்ளிபயர் நேற்று இரவு என் கைக்கு வந்தது. காலையில் மொட்டை மாடியில் வைத்து மூடியைக் கழற்றினேன். தூசி, பல்லி முட்டை ஓடுகள், ஒரு மூலையில் குளவிக்கூடு. எல்லாவற்றையும் பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டி எடுக்கவே ஒரு மணி நேரம் ஆனது.

என்.ஏ.டி. 3020. 1978-ல் வந்த மாடல். கம்பெனி லண்டனில் தொடங்கியது, வடிவமைத்தவர் பியோர்ன் எரிக் எட்வர்ட்சன் என்ற நார்வேக்காரர், செய்தது தைவானில். ஒரு சேனலுக்கு 20 வாட். அந்தக் காலத்து ஜப்பான் செட்டுகளின் பளபள அலுமினிய முகமோ, ஊசி ஆடும் மீட்டரோ இதில் கிடையாது. அடக்கமான நிறத்தில் ஒரு பெட்டி, சில குமிழ்கள், சில பட்டன்கள், ஐந்து சின்ன எல்.இ.டி. விளக்குகள். காசை முழுக்க உள்ளே செலவழித்திருக்கிறார்கள். குறைந்த சம்பளக்காரனும் நல்ல சங்கீதம் கேட்கலாம் என்று காட்டிய பெட்டி இது. அதனால்தான் இதன் மேல் எனக்கு இத்தனை ஆசை.

பிளக்கைச் செருகிப் பார்க்கலாமே என்று வீட்டில் கேட்டார்கள். மாட்டேன் என்றுவிட்டேன். பல வருஷம் தூங்கிய செட்டுக்கு நேராகக் கரண்ட் கொடுத்தால், பிழைத்திருக்கும் பாகங்களும் சேர்ந்து போய்விடலாம்.

ஜூன் 10, செவ்வாய்

ஆபீஸ் முடிந்து வந்து மல்டிமீட்டரை எடுத்தேன். பியூஸ் போயிருந்தது. பியூஸ் தானாகப் போவதில்லை. எது போக வைத்தது என்பதுதான் கேள்வி. முதலில் இரண்டு பெரிய கண்டன்சர்களிலும் மிச்சம் மின்சாரம் இல்லை என்று உறுதி செய்துகொண்டேன். பிறகு பவர் டிரான்சிஸ்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி அளந்தேன்.

வலது சேனல் நன்றாக இருக்கிறது. இடது சேனலில் 2என்3055-ன் கலெக்டருக்கும் எமிட்டருக்கும் நடுவே முழு ஷார்ட். அதோடு சேர்ந்த எமிட்டர் ரெசிஸ்டன்ஸ் ஓப்பன். அதற்கு முந்தைய டிரைவர் டிரான்சிஸ்டர்கள் இரண்டும் பிழைத்துவிட்டன, நிம்மதி. ஸ்பீக்கர் ஒயரின் பிரி ஒன்று பக்கத்து முனையில் தொட்டிருக்கலாம். இந்த வகைச் சாவுக்கு அதுதான் வழக்கமான காரணம்.

2என்3055! நம்மூர் மெக்கானிக் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். கல்யாண வீட்டு மைக் செட், கோயில் திருவிழாவின் குழாய் ஸ்பீக்கர், வேனில் கட்டிய கேசட் செட், பழைய இன்வெர்ட்டர், வோல்டேஜ் ஸ்டெபிலைசர் என எல்லாவற்றுக்குள்ளும் அந்த இரண்டு திருகு வைத்த உலோகத் தொப்பி உட்கார்ந்திருக்கும். 1960-களில் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. கொண்டுவந்த சரக்கு. 60 வோல்ட், 15 ஆம்பியர், 115 வாட் தாங்கும். விலை மலிவு, உழைப்பு அதிகம். எட்வர்ட்சன் ஏதோ அபூர்வமான பாகத்தைத் தேடிப் போயிருந்தால் இன்று இந்தப் பெட்டி வெறும் தகரம். எங்கும் கிடைக்கும் 3055-ஐயும் அதன் ஜோடியான எம்ஜே2955-ஐயும் வைத்துச் செய்ததால், ஏறக்குறைய ஐம்பது வருஷம் கழித்துச் சைதாப்பேட்டையில் உட்கார்ந்து என்னால் இதைப் பிழைக்க வைக்க முடிகிறது.

ஜூன் 14, சனி

ரிச்சி தெரு. அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி நடந்தேன். முன்பக்கக் கடைகள் முழுக்க செல்போன் உறை, சார்ஜர், சிசிடிவி. பாகங்கள் விற்கும் கடைகள் உள்சந்துகளுக்குள் ஒதுங்கிவிட்டன.

முதலில் ஏறிய கடையில் 3055-ஐ நாற்பது ரூபாய்க்குக் கொடுத்தார்கள். கையில் வாங்கியதுமே எடை குறைவாகப் பட்டது, வைத்துவிட்டேன். அடுத்த சந்தில் வயதான ஒரு கடைக்காரர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்:

"எதுக்கு சார், இன்வெர்ட்டருக்கா?"

"இல்லைங்க ஐயா, ஸ்டீரியோ ஆம்ப்ளிபயர். பழசு."

"அப்ப ஒண்ணு மட்டும் வாங்காதீங்க. அந்தப் பக்கத்து 2955-ஐயும் சேர்த்து மாத்திடுங்க. ஜோடி அடி வாங்கியிருக்கும்."

பிறகு டிராயரைத் திறந்து, ரம்பத்தால் மேல்தொப்பியை அறுத்த இரண்டு டிரான்சிஸ்டர்களை எடுத்து வைத்தார். இரண்டிலும் ஒரே எண், ஒரே எழுத்து. ஒன்றின் உள்ளே அகலமான சதுரச் சிலிக்கான் துண்டு, தடித்த செப்புத் தட்டின் மேல். இன்னொன்றில் கடுகளவு சில்லு, மெல்லிய தகரத்தின் மேல். "இதுவும் வேலை செய்யும் சார். சத்தத்தைக் கூட்டுற வரைக்கும்."

115 வாட் சூடு அந்தக் கடுகு வழியாக எப்படி வெளியே போகும்? போகாது. மேலே அச்சடித்த எண்ணை நம்பிப் போட்டால், ஒரு வாரத்தில் ஸ்பீக்கரையும் இழுத்துக்கொண்டு போய்விடும். அவர் கொடுத்த ஜோடி கனமாக இருந்தது. விலை நாலு மடங்கு. மைக்கா வாஷர், வெள்ளை ஹீட் பேஸ்ட், ரெசிஸ்டன்ஸ், பியூஸ் எல்லாம் அங்கேயே வாங்கிவிட்டேன். 60 வாட் குண்டு பல்புக்குத்தான் அலைச்சல். எல்.இ.டி. வந்த பிறகு யாரும் வைப்பதில்லை. கடைசியில் சைதாப்பேட்டை மார்க்கெட் பக்கம் ஒரு எலெக்ட்ரிக்கல் கடையில் கிடைத்தது.

ஜூன் 15, ஞாயிறு

நாள் முழுக்க இதே வேலை. 25 வாட் சோல்ட்ரானைச் சூடேற்றி, பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்து, புது ரெசிஸ்டன்ஸை வைத்தேன். டிரான்சிஸ்டர் பொருத்துவதில்தான் பொறுமை வேண்டும். 3055-ன் உலோக உடம்பே கலெக்டர். அது ஹீட் சிங்கைத் தொடக்கூடாது, ஆனால் சூடு மட்டும் கடக்க வேண்டும். அதற்குத்தான் நடுவில் மைக்கா. தாளைவிட மெல்லியது; ஒரு மணல் துகள் அடியில் சிக்கினாலும் திருகு முடுக்கும்போது கிழிந்துவிடும். இருபுறமும் பேஸ்ட்டை மெல்லிசாகத் தடவி, திருகை மாற்றி மாற்றி முடுக்கி, உடம்புக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே மீட்டர் எதையும் காட்டவில்லை என்று பார்த்த பிறகே ஈயம் வைத்தேன்.

அடுத்தது சீரிஸ் பல்பு. ஆம்ப்ளிபயருக்குப் போகும் கரண்டை ஒரு குண்டு பல்பு வழியாக அனுப்புவது. உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு முழுப் பிரகாசத்தில் எரியும், செட் தப்பிக்கும். சரியாக இருந்தால் கண்டன்சர்கள் நிரம்பும் ஒரு நொடி எரிந்து, மங்கிவிடும். நம்மூர் மெக்கானிக்குகள் தலைமுறை தலைமுறையாக வைத்திருக்கும் இந்த உத்தியை விடச் சிறந்த காப்பீடு எனக்குத் தெரியாது.

சுவிட்சைப் போட்டேன். பளிச்சென்று எரிந்தது. மங்கியது. மங்கியபடியே நின்றது.

பல்பை எடுத்துவிட்டு நேர் கரண்ட் கொடுத்து, ஸ்பீக்கர் முனைகளில் டி.சி. அளந்தேன். இடது 22 மில்லிவோல்ட், வலது 14. ஐம்பதுக்குள் இருந்தால் பயமில்லை. இருபது நிமிஷம் சூடாக விட்டு, பயாஸ் பிரீசெட்டை சர்வீஸ் மேனுவல் சொல்லும் அளவுக்குத் திருப்பினேன்.

இந்த பயாஸைப் பற்றிக் கொஞ்சம் எழுதி வைக்கிறேன். ஒலி அலையின் மேல்பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் கீழ்ப்பாதியை அதன் ஜோடியும் தூக்குகின்றன. ஒன்று ஓய்ந்து மற்றது எழும் இடத்தில் ஒரு சின்ன இடைவெளி விழுந்தால், சத்தம் பெரிதாக இருக்கும்போது தெரியாது. மெல்லிய இடத்தில் மணல் அரைபடுவது போல் கேட்கும். இரண்டும் கொஞ்சம் விழித்தே இருக்கும்படி எப்போதும் ஒரு சிறு கரண்டை ஓடவிடுவதுதான் பயாஸ். ஆரம்ப காலத்து டிரான்சிஸ்டர் செட்டுகள் ‘வறட்டுச் சத்தம்’ என்று பேர் வாங்கியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நமக்கு இது இன்னும் முக்கியம். தம்புராவின் ரீங்காரமும், மீட்டிய பிறகு வீணைத் தந்தி தேய்ந்து அடங்குவதும் நடப்பது அந்த மெல்லிய இடத்தில்தானே.

ஜூன் 17, செவ்வாய்

மாலை முழுக்கக் கரண்ட் இல்லை. மழையும் வரவில்லை. ஒன்றும் செய்யவில்லை.

ஜூன் 21, சனி

வால்யூம் குமிழைத் திருப்பினால் கரகரப்பு. இடது பக்கம் வந்து வந்து போனது. முதலாவதற்கு கான்டாக்ட் கிளீனர். குமிழின் உள்ளே போகும்படி இரண்டு சொட்டு விட்டு, முனையிலிருந்து முனைக்குத் திருப்பிக்கொண்டே இருந்தேன். கார்பன் பாதையில் படிந்த அழுக்கு கரைந்து, கரகரப்பு போயே போய்விட்டது. இரண்டாவதன் காரணம் பின்பக்கம் இருந்தது. பிரீ-ஆம்ப்ளிபயரையும் பவர் ஆம்ப்ளிபயரையும் இணைக்கும் வளைந்த உலோகத் துண்டுகள் கறுத்துப் போயிருந்தன. தேய்த்துச் செருகியதும் இரண்டு சேனலும் சமமாக வந்தன. இது தெரியாமல் எத்தனை பேர் போர்டு முழுக்கப் பிரித்துப் போட்டிருப்பார்களோ!

கண்டன்சர்களையும் இன்றே பார்த்து முடித்தேன். வால்வு எரிந்து எரிந்து தேயும். டிரான்சிஸ்டர் அப்படித் தேயாது. இந்தச் செட்டுகளில் மூப்படைவது எலெக்ட்ரோலிட்டிக் கண்டன்சர், தொடுமுனை, சுவிட்ச், ஈயப் பற்று. அதனால் எல்லாக் கண்டன்சரையும் ஒட்டுமொத்தமாகப் பிடுங்கிப் புதிது போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒவ்வொரு முறை ஈயத்தைச் சூடாக்கும்போதும் பழைய போர்டின் செப்புத் தடம் உரிந்துவரப் பார்க்கும். அளந்து, கெட்டதை மட்டும் மாற்ற வேண்டும். ஈ.எஸ்.ஆர். மீட்டரை வைத்துப் பார்த்ததில், ஹீட் சிங்கை ஒட்டி நின்றவை மட்டும் காய்ந்து போயிருந்தன, மாற்றினேன். பெரிய இரண்டும் இன்னும் திடமாக இருக்கின்றன. இருக்கட்டும்.

ஜூன் 22, ஞாயிறு

பெரியப்பா ஆட்டோ பிடித்து வந்துவிட்டார். வாசலிலேயே, "பாடுதாடா?" என்றார்.

"வந்து உட்காருங்க பெரியப்பா."

இந்தச் செட்டை லண்டன் டாட்டன்ஹாம் கோர்ட் ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கியதையும், விமானத்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்ததையும், மீனம்பாக்கத்தில் கஸ்டம்ஸ்காரர் மூடியைத் திறக்கச் சொன்னதையும் மறுபடி ஒருமுறை சொன்னார்.

முதலில் ‘பிரியா’. அதுவும் 1978. ஸ்டீரியோவில் பதிவான முதல் தமிழ்ப் படப்பாடல்கள் என்று பேர் பெற்ற இளையராஜாவின் இசைத்தட்டு. இதைப் பண்பலையிலும் போனிலும் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். கிடார் ஒரு பக்கம், தாளக்கருவி ஒரு பக்கம், குரல் நட்டநடுவில் என்று இடம் பிரித்து வைத்திருக்கும் நுணுக்கம் இன்றுதான் முழுசாகப் புரிந்தது. பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டு, வாத்தியம் எங்கே எழுகிறதோ அங்கே விரலை நீட்டிக் காட்டிக்கொண்டே இருந்தார்.

இந்த ஆம்ப்ளிபயரின் போனோ பகுதியைச் சொல்லியாக வேண்டும். இசைத்தட்டில் பாட்டை வெட்டும்போது தாழ்சுருதிகளை அடக்கி, உச்சசுருதிகளை உயர்த்தித்தான் வெட்டுவார்கள். இல்லையென்றால் மிருதங்கத்தின் தொப்பி அடிக்கே வரிப்பள்ளம் பக்கத்துப் பள்ளத்தில் போய் இடிக்கும். கேட்கும்போது அதைத் தலைகீழாக்க வேண்டும். ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவு என்ற அந்தப் பொதுக் கணக்கு 1954 முதல் நிலைத்தது. ஊசி தருவதோ சில மில்லிவோல்ட். அந்தத் துளியை இரைச்சலில்லாமல் பெருக்கி, வளைவையும் பிசகாமல் நிமிர்த்துவது லேசான காரியமில்லை. மலிவான செட்டுகள் முதலில் கைவைப்பதே அங்கேதான். 3020-ல் அதில் கஞ்சத்தனம் பண்ணவில்லை.

அடுத்து 1986-ன் ‘ஹவ் டு நேம் இட்’. வி.எஸ்.நரசிம்மனின் வயலின் ஒரு சுரத்தில் நின்று வில்லைத் திருப்புகிறதே, அந்தத் திருப்பத்தில் குதிரைவால் முடி தந்தியைக் கவ்வுவது கேட்டது. கடைசியாக வீணை பாலசந்தர். தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து ஒரே மீட்டில் சுரம் சுரமாக ஏறி, ஒலி ஓயும் வரை போனார். மணல் இல்லை. பயாஸ் சரி.

இத்தனைக்கும் ஐந்து விளக்கில் மூன்றாவது எப்போதாவதுதான் எரிந்தது. தொண்ணூறுகளில் நம் கடைகளில் டப்பா செட்டுகளின் நெற்றியில் ‘1000 வாட் பி.எம்.பி.ஓ.’ என்று ஒட்டி விற்றார்கள். வாங்கியவர்களை ஏமாற்றிய எண் அது. ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 88 டெசிபல் தரும் சாதாரண ஸ்பீக்கர், நம் வீட்டுக் கூடத்துக்கு அந்த ஒரு வாட்டிலேயே தாராளம். வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். மீதி வாட்டெல்லாம் தவில் அடியும் தாளச் சிலிர்ப்பும் திடீரென்று எகிறும் கணத்துக்கான கையிருப்பு. அதையும் தாண்டிப் போனால், அலையின் தலையைக் கூராக வெட்டாமல் வழவழப்பாக மடக்க பின்னால் ஒரு ‘சாஃப்ட் கிளிப்பிங்’ சுவிட்ச் இருக்கிறது. ட்வீட்டர் எரியாமல் காப்பது அது. அதைப் போட்டே வைத்திருக்கிறேன்.

பெரியப்பாவிடம், "எடுத்துட்டுப் போங்க, உங்களோடதுதானே" என்றேன். "உன் வீட்டுக்கு வந்தா கேக்கலாம்ல" என்றார்.

ஜூன் 29, ஞாயிறு

இடையில் ஒருநாள் வந்து வீணை கேட்டுவிட்டுப் போன நண்பர் ஒருவர் இன்று அவருடைய அப்பாவின் சான்சூயி ஆம்ப்ளிபயரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். துபாயிலிருந்து வந்த செட். "எல்லாக் கண்டன்சரையும் மாத்திடுங்க, காசைப் பத்திக் கவலைப்படாதீங்க" என்றார். முதலில் அளக்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

மூடியைத் திறந்தால், பெரிய கண்டன்சர்களை போர்டோடு ஒட்டிய பசை பழுப்பேறி இறுகியிருக்கிறது. அந்தக் காலத்து ஜப்பான் செட்டுகளில் இது பழகிய வியாதி. போட்டபோது வெளிர் நிறம், தீங்கில்லாதது. வருஷக்கணக்கில் சூடுபட்டால் பழுப்பேறி, கரண்டைக் கடத்த ஆரம்பிக்கும். தொட்ட பாகத்தின் காலையும் அரிக்கும். இரண்டு டயோடின் கால்கள் பச்சை பூத்து நிற்கின்றன. இங்கே விட்டுவைக்கப் பேச்சில்லை. பசை மொத்தமும் போயாக வேண்டும். கண்டன்சர்களைக் கழற்றாமல் அதன் அடியில் கைபோகாது. மரக் குச்சியால் சுரண்டி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, அரித்த டயோடுகளை மாற்றிவிட்டுப் பிறகுதான் சீரிஸ் பல்பு. சனிக்கிழமை அந்த ஐயா கடைக்கு மறுபடி போக வேண்டும்: டயோடு, ஆல்கஹால் ஒரு பாட்டில், இன்னும் இரண்டு ஜோடி மைக்கா.