அம்மாவின் நடை

ஷாதிபூரில் எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு வீடியோ கேசட் இருக்கிறது. 1991ஆம் ஆண்டு ஊரில் நடந்த தமக்கையின் திருமணம் அதில் பதிவாகியிருந்தது. தீவின் ஈரக்காற்றில் நாடா முழுவதும் பூஞ்சை படர்ந்துவிட்டது. மணப்பந்தலின் குறுக்கே அம்மா நடந்து வரும் காட்சி அதில்தான் இருந்தது. அவர் முகம் சுவரிலுள்ள நிழற்படத்தில் இன்றும் இருக்கிறது, நடைதான் இல்லை. திரைப்படத்தில் நொடிக்கு 24 படங்கள் ஓடினால்தான் ஒரு நடை உருவாகும். நம் நினைவோ ஒன்றிரண்டை மட்டும் வைத்துக்கொண்டு, எஞ்சியதைத் தன் விருப்பம்போல் இட்டு நிரப்பிக்கொள்கிறது.

இதை எண்ணும்போதெல்லாம் ஏ. கே. செட்டியார் என் நினைவுக்கு வருகிறார். 1911இல் கோட்டையூரில் பிறந்த அவர், டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் ஒளிப்படக் கலை பயின்றவர். 1937 அக்டோபர் 2ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் செல்கையில், காந்தியடிகளைப் பற்றி ஒரு படம் எடுக்கும் எண்ணம் அவருக்கு உதித்தது. வயது இருபத்தாறுகூட நிறையவில்லை. பல நாடுகளில் பலர் பல காலங்களில் எடுத்து வைத்திருந்த சுருள்களைத் தேடி அலைந்து, 50,000 அடி திரட்டினார். அதிலிருந்து 12,000 அடியாகத் தொகுத்த தமிழ்ப் படம் 1940இல் வெளிவந்தது. நிமிடத்திற்கு 90 அடி எனக் கணக்கிட்டால் ஏறக்குறைய இரண்டேகால் மணி நேரம்!

காலம் அந்தப் படத்தையும் விட்டுவைக்கவில்லை. தமிழ் மூலம் பின்னாளில் மறைந்துபோயிற்று. 1953இல் உருவான சுருக்கமான ஆங்கில வடிவத்தைப் பல ஆண்டுகளுக்குப் பின் ஆ. இரா. வேங்கடாசலபதி தேடிக் கண்டறிந்தார். அது கிடைத்த இடம் சான் பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகம். இங்கே தொலைந்தது எங்கோ ஒரு கரையில் காத்திருந்தது.

கடல் கடந்து வந்த குடும்பங்களுக்கு இதில் ஓர் ஆறுதல் உண்டு. நம் நினைவுகளும் பல ஊர்களில் சிதறிக் கிடப்பவையே. இங்கே அழிந்தது மதுரையில் ஓர் உறவினர் வீட்டுப் பெட்டியில் இருக்கலாம். கேசட்டின் இன்னொரு படி உண்டா எனக் கேட்டுத் தமக்கைக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன்.

பதில் வரும்வரை வாளாவிருக்க மனம் ஒப்பவில்லை. எண்பதைக் கடந்த எங்கள் சித்தி, அம்மாவின் தங்கை, வாசலிலிருந்து அடுக்களைக்குச் செல்வதைக் கைப்பேசியில் படம் பிடித்தேன்.

"என் நடையில் அப்படி என்னடா இருக்கிறது?" என்று சிரித்தார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. இடக்காலைச் சற்றே சாய்த்து வைத்து அவர் நடந்துகொண்டிருந்தார், அம்மாவைப் போலவே.