கட்டத்துக்குப் பின்னால்

மதுராந்தகம் பக்கம் ஒரு மனைப்பிரிவுக்கு விளம்பர வேலை பார்த்தேன். பிட் நோட்டீஸ், ஃபிளெக்ஸ், சைட் வாசல் போர்டு என்று எல்லாவற்றிலும் க்யூஆர் கோடு போட்டது நான்தான். போட்டதில் குறை இல்லை. பத்தடி தள்ளி நிற்பவர் ஸ்கேன் செய்யக் கட்டம் ஓரடி அகலமாவது வேண்டும், சுற்றிலும் வெள்ளை இடம் விட வேண்டும், பளபளப்பான லேமினேஷன் வெயிலில் கேமராவுக்கு ஆகாது. எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தேன். நான் செய்த தப்பு அந்தக் கட்டத்துக்குப் பின்னால் இருந்தது.

ஸ்கேன் செய்தால் பெயரும் செல்போன் எண்ணும் கேட்கும். ஓடிபி போட்டால்தான் அடுத்த பக்கம். அங்கேயும் ட்ரோன் வீடியோதான். டிடிசிபி ஒப்புதல் எண், லேஅவுட் வரைபடம், வில்லங்கச் சான்று எதுவும் கிடையாது. மனை வாங்க வருகிறவர் முதலில் தேடுவது அவற்றைத்தான் என்று எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் மாதக் கடைசியில் என்னிடம் கேட்கப்பட்டது "எத்தனை லீட்?", அதாவது எத்தனை பேருடைய எண் கிடைத்தது என்ற ஒரே கேள்வி. அந்த எண்ணிக்கைக்காக வேலை செய்தேன்.

ஒரு ஞாயிறு மதியம். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் மனைவியோடு வந்து போர்டு முன் நின்றார். அந்த அம்மா குடை பிடிக்க, இவர் மூன்று தடவை முயன்றார். அங்கே சிக்னல் சரியில்லை, ஓடிபி வரவே இல்லை. "அப்ரூவல் நம்பரைப் பார்த்துட்டுப் போகலாம்னுதான் தம்பி வந்தோம்" என்றார். "ஆபீசுக்கு வாங்க சார், எல்லாம் காட்டுறோம்" என்றேன். ஒப்புதல் கடிதத்தின் படம் அப்போது என் செல்போனிலேயே இருந்தது. காட்டவில்லை.

ஓடிபி வராவிட்டாலும் அவர் தட்டிய எண் எங்களிடம் பதிவாகிவிட்டது. டெலிகாலர் ஷீட்டில் பிறகு பார்த்தேன்: 9 நாளில் 14 அழைப்பு. கடைசிக் கட்டத்தில் "இனி கூப்பிட வேண்டாம் என்கிறார்" என்று எழுதியிருந்தது.

2016ஆம் ஆண்டு ரெரா சட்டப்படி, விளம்பரத்தில் பதிவு எண்ணும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதள முகவரியும் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். நான் அவற்றை நோட்டீஸின் அடியோரத்தில், கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாத எழுத்தில் வைத்தேன். மகாராஷ்டிரத்தில் 2023 ஆகஸ்ட் 1 முதல் விளம்பரங்களில் க்யூஆர் கோடு கட்டாயம்; ஸ்கேன் செய்தால் ஆணையத்தில் பதிவான திட்ட விவரம் நேராகத் திறக்கும். அதைப் படித்தபோது உடம்பெல்லாம் கூசியது. வாங்க வருகிறவருக்கு ஆவணத்தைக் காட்டுவதற்காக அங்கே வைத்த அதே கட்டத்தை, நான் அவருடைய எண்ணைப் பிடுங்க வைத்திருந்தேன்.

அச்சடித்துவிட்டோம், இனி என்ன செய்வது என்று சொல்லித் தப்பிக்கவும் எனக்கு வழியில்லை. நான் வாங்கியிருந்தது டைனமிக் கோடு. போர்டைத் தொடாமலேயே, அது திறக்கும் பக்கத்தை உட்கார்ந்த இடத்திலிருந்து மாற்றலாம். ஆனாலும் மேலும் நான்கு மாதம் அப்படியே விட்டேன். கடைசியில் படிவத்தை எடுத்துவிட்டு ஒப்புதல் கடிதத்தையும் வரைபடத்தையும் வைக்க எனக்கு ஐந்து நிமிடம் ஆனது. அன்று சைட்டில் விற்காமல் இருந்தவை 11 மனைகள்.