உம்மாவின் படுக்கைக்கு ஓர் உறை



வாப்பா மவ்த்தாகி ஓராண்டு நிறைந்த பின், உம்மா மேலப்பாளையத்தை விட்டு எங்களுடன் தங்குவதற்காகச் சென்னைக்கு வந்தார்கள். அப்போது அவர்களுக்கு வயது 74. எங்கள் வீட்டில் ஒரு கூடமும் ஒரு படுக்கையறையும் மட்டுமே உண்டு. படுக்கையறையை அவர்களுக்குக் கொடுக்க முன்வந்தோம், அவர்கள் ஏற்கவில்லை. கூடத்தில் இருந்தால்தான் பேரப்பிள்ளைகளின் முகம் பார்க்க முடியும், குளியலறையும் பக்கத்திலேயே இருக்கிறது என்றார்கள். ஆனால் பகலில் அதே கூடத்தில்தான் பிள்ளைகள் படிக்க வேண்டும், விருந்தினர் அமர வேண்டும். நிரந்தரமாக ஒரு கட்டில் போட அங்கே இடமில்லை.

ஆகவே பழைய மரச்சாமான்கள் விற்கும் கடையில் ஒரு ஃபியூட்டான் வாங்கினோம். ஜப்பானியர் இரவில் தரையில் விரித்து, காலையில் மடித்து அலமாரியில் வைத்துவிடும் பஞ்சு மெத்தைக்கு உரிய பெயர் அது. நம் கடைகளில் அப்பெயரால் விற்கப்படுவதோ மரச்சட்டத்தோடு கூடியது; மடக்கினால் சாய்விருக்கை, விரித்தால் படுக்கை. ஆறடி நீளமும் நான்கடி அகலமும் ஐந்து அங்குலத் தடிமனும் கொண்ட அந்த மெத்தை நல்ல நிலையில் இருந்தது. உறைதான் கிழிந்திருந்தது. புதிய உறைக்கு மூவாயிரம் ரூபாய்க்கு மேல் செலவிட எங்களால் இயலாது.

உறையைப் பற்றி நாங்கள் இருவரும் தாழ்ந்த குரலில்தான் பேசினோம். காரணம், வந்த முதல் வாரத்திலேயே உம்மாவுக்குச் சிறுநீர்க் கசிவு இருப்பதை அறிந்துகொண்டோம். அவர்கள் அதை எங்களிடம் சொல்லவில்லை. ஃபஜ்ருக்கு முன் எழுந்து, தம் சேலையையும் விரிப்பையும் ஓசையின்றி அலசிக் காயப்போட்டு விடுவார்கள். நாங்களும் தெரியாததுபோல் இருந்துவிட்டோம். அது மரியாதை என்று நினைத்தோம்.

அந்த நினைப்போடுதான் ரெக்சின் உறை வாங்கினோம். அடர்ந்த பழுப்பு நிறம். நனைந்தால் துடைத்துவிடலாம், கறை தெரியாது, மெத்தை கெடாது. விலையும் 1,400 ரூபாய்தான். சிக்கனமாகவும் அறிவோடும் நடந்துகொண்டதாக எங்களுக்கு ஒரு திருப்தி.

சித்திரை வெயில் தொடங்கியபோது திருப்தி கலைந்தது. ரெக்சின் என்பது துணியின்மேல் பிளாஸ்டிக் பூசியது. அது நீரை உள்ளே விடாது. வியர்வையையும் வெளியே விடாது. மேலே என்ன விரிப்பு விரித்தாலும் அது வழுக்கி ஒரு பக்கம் சுருண்டுவிடும். விடியும்போது உம்மாவின் முதுகு சிவந்து, வேர்க்குரு படர்ந்திருக்கும். ஒரு நாள் பின்னிரவில் தண்ணீர் குடிக்க எழுந்து வந்தபோது, அவர்கள் வெறும் தரையில் முஸல்லாவை விரித்துப் படுத்திருந்ததைக் கண்டோம். ஏன் என்று கேட்டதற்கு, “புரண்டு படுத்தா அது சத்தம் போடுது வாப்பா. உங்க தூக்கம் கெட்டுடும்” என்றார்கள்.

அதற்கடுத்த வாரம் உம்மாவுக்குக் காய்ச்சலும் தலைசுற்றலும் வந்தன. சிறுநீர்ப் பாதையில் தொற்று என்றார் மருத்துவர். ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறார்கள் என்று அவர் கேட்டார், எங்களுக்குத் தெரியவில்லை. உம்மாவே தலைகுனிந்தபடி பதில் சொன்னார்கள். அஸருக்குப் பிறகு ஒரு மிடறும் குடிப்பதில்லையாம். கேட்டால் படுக்கை நனையும் என்ற அச்சம்.

அன்று வீடு திரும்பியபின் நாங்கள் நெடுநேரம் பேசிக்கொள்ளவில்லை. பெற்றோரிடம் சலிப்பைக் காட்டும் மிகச் சிறிய சொல்லும் கூடாது என்ற இறைக்கட்டளையை எத்தனை முறை ஓதியிருப்போம்! அப்படியொரு சொல்லை நாங்கள் வாயால் சொன்னதில்லை. ஆனால் அவர்களைக் கேளாமல், துடைத்தெடுக்கும் பிளாஸ்டிக்கை அவர்களுக்குக் கீழே விரித்தோம். ஒவ்வொரு முறை புரளும்போதும் அந்தச் சொல்லை அவர்கள் கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்க வேண்டும்.

மறுநாள் அவர்கள் அருகில் அமர்ந்து, எங்களுக்கு முன்பே தெரியும் என்பதைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டோம். பிறகு, “உறைக்கு எந்தத் துணி நல்லது, நீங்களே சொல்லுங்கள் உம்மா” என்றோம். அவர்கள் சிறிது நேரம் அழுதார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “கடையில துண்டு துண்டா வெட்டிக் கொடுப்பாங்க. வாங்கிட்டு வாங்க, பார்ப்போம்” என்றார்கள்.

இந்த இடத்தில், நாங்கள் மறந்துபோயிருந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். மேலப்பாளையம் ஒரு காலத்தில் தறியோசையில் வாழ்ந்த ஊர். உம்மா சிறுமியாக இருந்தபோது அவர்கள் வீட்டிலும் குழித்தறி இருந்தது. வாப்பாவைக் கைப்பிடிக்கும்வரை ராட்டையில் தார் சுற்றி, பாவுக்குக் கஞ்சி போட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். துணியை அறிந்த ஒருவரை வீட்டில் வைத்துக்கொண்டு, நாங்கள் விலைப்பட்டியலிடம் யோசனை கேட்டிருந்தோம்.

கோடவுன் தெருவில் ஆறு வகைத் துணிகளில் மாதிரித் துண்டுகள் வாங்கி வந்து உம்மாவின் மடியில் வைத்தோம். முதலில் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு நூலை உருவி, தீக்குச்சியால் கொளுத்திப் பார்க்கச் சொன்னார்கள். பருத்தி நூல் காகிதம் எரியும் வாடையோடு எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியதும் கெட்டியான மணிபோல் நிற்கும். ‘சுத்தமான காட்டன்’ என்று விற்கப்பட்ட ஒரு துண்டு அந்த மணியைக் காட்டியது. பாலியெஸ்டர் விலை குறைவு, எளிதில் சுருங்காது, விரைவில் உலரும். அமரும் இருக்கைக்கு அது போதும். ஈரத்தை உறிஞ்சாத துணி என்பதால், இரவு முழுதும் உடல் படும் படுக்கைக்கு அது ஆகாது என்று ஒதுக்கினார்கள்.

அடுத்து, துணியை இரு கைகளாலும் பிடித்துக் கசக்கித் தேய்த்தார்கள். ஒரு துண்டிலிருந்து வெண்பொடி உதிர்ந்தது. “கஞ்சி. ஒரு தடவ துவைச்சா வலையா நிக்கும்” என்று சிரித்தார்கள். பிறகு எஞ்சியவற்றை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்கள். நெசவு நெருக்கமாக இருந்தால் வெளிச்சம் ஊசிமுனையளவே தெரியும். படுக்கை விரிப்புத் துணி இந்தச் சோதனையில் தோற்றது. விரிப்பாக இருக்க அதன் மென்மை போதும். நாள்தோறும் மடக்கி விரிக்கும் மெத்தையின் இழுப்பை அது தாங்காது. கேன்வாஸ் வலிமையானது. ஆனால் தோலுக்கு முரடு, கனமும் மிகுதி. நனைந்தால் தூக்கிப் பிழிய இருவர் வேண்டும். வெல்வெட்டின் மயிரிழைகளில் அழுக்கு தங்கிவிடும்.

கடைக்காரர் பட்டுப்போல் மின்னும் ஒரு துண்டையும் இலவசமாக வைத்திருந்தார். அதைக் கண்டதும் உம்மா மஷ்ரூ துணியைப் பற்றிச் சொன்னார்கள். மஷ்ரூ என்ற அரபுச் சொல்லுக்கு ‘அனுமதிக்கப்பட்டது’ என்று பொருள். ஆண்களுக்குப் பட்டு ஆகாது என்பதால், பாவில் பட்டும் ஊடையில் பருத்தியுமாக, மேற்புறம் பட்டு மின்ன, உடலைத் தொடும் உட்புறம் பருத்தியாக அமையும்படி நெய்தார்கள். குஜராத்தின் பாட்டன் நகர் அந்நெசவுக்குப் பெயர்பெற்றது. “மேல எப்படி இருந்தாலும் உடம்புல படுறது பருத்தியா இருக்கணும்னு அந்தக் காலத்துலயே தெரிஞ்சு வச்சிருந்தாங்க” என்றார்கள்.

இறுதியில் உம்மா தேர்ந்தது பருத்தி டிரில். பள்ளிச் சீருடைக் கால்சட்டைக்குப் பயன்படும் அதே துணிதான். சாய்வரிகளாகத் தெரியும் அந்த நெசவில் நூல்கள் நெருங்கி அமர்கின்றன; ஆகவே வலிமை உண்டு. கேன்வாஸைப்போல் விறைப்பதில்லை. நாங்கள் வாங்கியது சதுர மீட்டருக்கு 250 கிராம் எடை கொண்டது, 60 அங்குல அகலம், மீட்டர் 190 ரூபாய்.

நிறத்தில் மட்டும் எங்களுக்குள் கருத்து வேறுபட்டது. கறை தெரியாத கரும்பச்சையை நாங்கள் காட்டினோம். உம்மா வெளிர்நீலத்தின்மேல் கை வைத்தார்கள். “அழுக்கு தெரியணும் வாப்பா. தெரிஞ்சாத்தானே கழுவ முடியும். சுத்தமா இருக்குன்னு தெரிஞ்சாத்தானே அதுல உக்காந்து தொழ மனசு வரும்” என்றார்கள். கறையை மறைப்பதையே நாங்கள் எண்ணியிருந்தோம். அவர்களுக்கு வேண்டியிருந்தது தஹாரத். வெளிர்நீலமே வாங்கினோம். சாயம் போகுமா என்று அறிய, ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் தேய்த்துப் பார்த்தோம், நிறம் ஒட்டவில்லை.

எங்களைப்போல் தைக்க எண்ணுவோருக்காக அளவையும் சொல்லிவிடுகிறோம். 60 அங்குல அகலத் துணியில் மேற்பக்கத்துக்கும் அடிப்பக்கத்துக்கும் தையல் விளிம்பு உட்பட 74 அங்குலம் வீதம் இரு துண்டுகள் வேண்டும். வெட்டியபின் ஓரத்தில் எஞ்சும் பத்தங்குலப் பட்டை, பக்கவாட்டுச் சுற்றின் பெரும்பகுதிக்கு ஆகிவிடும். மீதிக்கு மேலும் 14 அங்குலம் போதும். பருத்தி சுருங்கும் என்பதால் சற்றுக் கூட்டி, ஓர் உறைக்கு நாலரை மீட்டர் வாங்கினோம். வெட்டுவதற்கு முன் துணியை ஓர் இரவு நீரில் ஊறவைத்து உலர்த்த வேண்டும். இல்லையேல் முதல் சலவைக்குப் பின் உறை மெத்தையில் ஏறாது. ஜிப்பை நீளப் பக்கம் ஒன்றிலும் இரு மூலைகளைத் தாண்டியும் வைக்கச் சொல்லுங்கள். ஒருவரே கழற்றி மாட்டுவதற்கு அதுதான் வழி.

ஓர் உறை துவைப்பில் இருக்கும்போது மற்றொன்று மெத்தையில் இருக்க வேண்டும் என்று இரண்டாகத் தைத்தோம். துணி 1,710 ரூபாய், தையற்கூலி 600, ஜிப் 120. ஆக மொத்தம் 2,430 ரூபாய். ரெக்சினுக்குக் கொடுத்த 1,400 ரூபாய் வீண்விரயமாயிற்று. மலிவானது எது என்று கேட்ட நாங்கள், யாருக்கு என்று கேட்டிருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும்.

மெத்தையைக் காப்பதற்கும் உம்மாவே வழி சொன்னார்கள். குழந்தைகளுக்குப் போடும் ரப்பர் விரிப்பை உறைக்கு உள்ளே, நடுப்பகுதியில் மட்டும் வைத்தோம். உறையின்மேல், வாப்பா உடுத்திப் பழகி மென்மையான கைலிகளை நான்காக மடித்து விரித்தோம். பெரும்பாலான நாட்களில் கைலியை மாற்றினாலே போதும். உறையும் நனைந்தால் முதலில் குளிர்ந்த நீரில் நஜீஸ் நீங்க நன்கு அலசிவிட்டு, பிறகு சோப்புப் போட்டுத் துவைத்து வெயிலில் உலர்த்துகிறோம். உலர்ந்த உறை ஏறத்தாழ 1.7 கிலோதான் இருக்கும். வீட்டுச் சலவை இயந்திரமே அதற்குப் போதும்.

கசிவு முற்றிலும் நின்றுவிடவில்லை. மருத்துவர் கற்றுத்தந்த இடுப்புத் தசைப் பயிற்சியால் குறைந்திருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். இது முதுமையில் பலருக்கும் வருவது. மருத்துவரிடம் சொன்னால் பெரும்பாலும் தணிக்கக் கூடியது. கசிவு நிற்காதவர்களுக்குத் தொழுகையில் மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. ஒவ்வொருவரும் தம் நிலையை ஆலிமிடம் சொல்லி விளக்கம் பெறுவது நலம். உங்கள் வீட்டு முதியவர் மாலையில் தண்ணீர் குடிக்கிறாரா என்பதை மட்டும் கவனியுங்கள். வெட்கத்தால் அவர் வாய் திறக்காதிருக்கலாம்.

இப்போது மஃரிபுக்குப் பிறகும் உம்மாவின் பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீர் இருக்கிறது. உறை மாற்றும் நாட்களில் அவர்கள் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, நாங்கள் ஜிப்பை இழுப்போம். தையல் சற்றுக் கோணலாக இருப்பதைச் சுட்டிக்காட்டி, அடுத்த உறைக்கு வேறு தையல்காரரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

நம் பெற்றோரின் தேவைகளை அவர்களிடமே கேட்டறியும் பணிவை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.